கார்புரேட்டர் மேல பழியப் போட்ட ரெண்டு மாசம்

பனி மேல ஓடுற பழைய ஸ்னோமொபைல் வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் ஒரு தோள் மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கும்னு விளையாட்டா சொல்லுவாங்க, ஸ்டார்ட் பண்ற கயிறை இழுத்து இழுத்து. எனக்கு வலது தோள். மைனஸ் 20-ல நின்னுக்கிட்டு, கையுறையைக் கழட்டினா விரல் மரத்துப் போகும், போட்டா ஸ்க்ரூ பிடிபடாது, இந்த நிலைமையில முப்பதாவது தடவை கயிறை இழுக்கும்போது வர்ற வார்த்தையெல்லாம் இங்க எழுத முடியாது.

வண்டி எழுபதுகள்ல வந்தது. ஒத்தை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஃபேன் கூலிங், முன்னாடி பட்டை ஸ்ப்ரிங் வச்ச ரெண்டு ஸ்கீ, கீழ போகி வீல்னு சொல்ற சின்னச் சக்கரங்கள் மேல ஓடுற ரப்பர் டிராக். எலக்ட்ரிக் ஸ்டார்ட் கிடையாது, ஆயில் பம்ப் கிடையாது, பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஊத்தணும். டிவிஎஸ் 50 ஓட்டினவங்களுக்கு, பழைய சேட்டக் ஓட்டினவங்களுக்கு இந்த எஞ்சின் ஒண்ணும் அந்நியம் இல்ல, அதே குடும்பம்தான், சக்கரத்துக்கு பதிலா பெல்ட்டும் டிராக்கும். அதனாலதான் நானும் தைரியமா இறங்கினேன். டூ ஸ்ட்ரோக்ல என்ன இருக்கு, ப்ளக் கழட்டி துடைச்சா ஓடிடும்னு.

ஓடுச்சு. அதான் பிரச்சினையே. ஓடாம இருந்திருந்தா ஒழுங்கா ஆரம்பத்துல இருந்து பார்த்திருப்பேன். இது ஸ்டார்ட் ஆகும், அஞ்சு நிமிஷம் நல்லா இருக்கும், சூடானதும் த்ராட்டிலை விட்டாலும் ஐடில் கீழ இறங்காது, வீங் வீங்னு மேலயே நிக்கும், அப்புறம் மெல்ல இறங்கி அப்படியே செத்துப் போகும். நான் என்ன பண்ணேன், எல்லாரும் பண்றதைத்தான் பண்ணேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்து கார்புரேட்டர்கிட்ட போனேன்.

இதுல இருக்கிறது டில்லட்சன் கார்புரேட்டர். மிக்குனி கார்புரேட்டர் மாதிரி கீழ மிதவைக் கிண்ணம் கிடையாது, டயாஃப்ரம்னு ஒரு மெல்லிய சவ்வு வச்ச டைப். எஞ்சினோட அடிப்பெட்டியான கிராங்க்கேஸ்ல இருந்து ஒரு சின்ன டியூப் வரும், பிஸ்டன் மேல கீழ போகும்போது உண்டாகுற அழுத்தத் துடிப்புலயே பெட்ரோல் பம்ப் வேலை செய்யும். வெளிய ரெண்டு ஸ்க்ரூ, ஒண்ணு லோ, ஒண்ணு ஹை. மெதுவா உள்ள திருகி உக்கார விட்டு, ரெண்டையும் ஏறக்குறைய ஒரு சுத்து வெளிய எடுத்தா ஆரம்ப செட்டிங். மெதுவான்னா நிஜமாவே மெதுவா, அழுத்தி முறுக்கினா ஊசி முனையும் போச்சு, அது உக்கார்ற இடமும் போச்சு.

கார்புரேட்டரைப் பிரிச்சப்ப நான் சந்தேகப்பட்டது சரின்னுதான் தோணுச்சு. உள்ள இருந்த டயாஃப்ரம் கையில எடுத்தா பழைய எக்ஸ்ரே ஷீட் மாதிரி சலசலன்னு சத்தம் வருது. புதுசு அப்படி இருக்காது, துணி மாதிரி தொளதொளன்னு மடியும். எத்தனால் கலந்த பெட்ரோலை உள்ள விட்டுட்டு வருஷக்கணக்கா நிறுத்தி வச்சா இப்படித்தான் காஞ்சு விறைச்சுப் போகும். ரெண்டு டயாஃப்ரத்தையும் மாத்தினேன், ஊசியை மாத்தினேன், அந்த குட்டி லிவர் சேம்பரோட தரைமட்டத்துக்கு சரியா இருக்கான்னு ஸ்கேல் வச்சுப் பார்த்தேன், பெட்ரோல் ஓஸ் எல்லாம் குச்சி மாதிரி விறைச்சிருந்தது, அதையும் மாத்தினேன். கழட்டும்போதே ஒவ்வொரு படிக்கும் ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பம்ப் பக்கமும் மீட்டரிங் பக்கமும் கேஸ்கட்டு, டயாஃப்ரம் வரிசை ஒரே மாதிரி இருக்காது, நான் ஒரு தடவை மாத்திப் போட்டு ஒரு சாயங்காலம் முழுசா போச்சு.

ஸ்டார்ட் பண்ணா முதல் கயிறுலயே பிடிச்சது. ஆஹான்னு நினைச்சேன். பத்து நிமிஷம் கழிச்சு அதே வீங்.

அப்போ கோளாறு பாயிண்ட்லதான், அதாவது ஸ்பார்க்கைத் தூண்டுற ஸ்விட்ச்லதான்னு அடுத்து அங்க போனேன். அந்தக் காலத்து வண்டியில பாதிக்கு சிடிஐன்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் கிடையாது, ஃப்ளைவீலுக்குப் பின்னாடி காண்டாக்ட் பாயிண்ட்டும் கண்டன்சரும்தான். ஃப்ளைவீல்ல இருக்கிற ஓட்டை வழியா ஃபீலர் கேஜை விட்டு கேப் பார்க்கணும், இந்த மாதிரி எஞ்சின்ல பெரும்பாலும் 0.35-ல இருந்து 0.45 மில்லிமீட்டருக்குள்ள இருக்கும். வருஷக்கணக்கா நின்ன வண்டியில பாயிண்ட் முகத்துல கண்ணுக்கே தெரியாத ஒரு படலம் இருக்கும், நைசான அரத்தால ரெண்டு இழு, அப்புறம் சுத்தமான பேப்பரை நடுவுல விட்டு ஒரு இழு, பேப்பர்ல கறுப்பு வராத வரைக்கும். இதுல ஒரு விஷயம் நிறைய பேர் தலைகீழா பண்றாங்க. கேப்பை முதல்ல வைக்கணும், டைமிங் அதுக்கு அப்புறம். கேப் கூடினா பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், ஸ்பார்க் முன்னாடி வரும், அதாவது கேப்பைத் தொட்டாலே டைமிங் நகர்ந்துடும். டைமிங்கை வச்சிட்டு அப்புறம் கேப்பை சரி பண்ணா செஞ்ச வேலை எல்லாம் வேஸ்ட். டைமிங்குக்கு ப்ளக் ஓட்டையில டயல் கேஜ் விட்டு, பிஸ்டன் உச்சிக்கு எத்தனை மில்லிமீட்டர் முன்னாடி பாயிண்ட் திறக்குதுன்னு பல்ப் வச்சுப் பார்த்தேன். எத்தனைன்றது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், மேனுவல்ல இருக்கிறதை மட்டும் நம்புங்க, யாரோ சொன்னாங்கன்னு வைக்காதீங்க.

இதுவும் பண்ணியாச்சு. ஸ்டார்ட்டிங் பிரமாதம். ஐடில் அதே கதை. நான் என்ன பண்ணேன்னா லோ ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் வெளிய திருகி பெட்ரோலைக் கூட்டினேன், வீங் கொஞ்சம் அடங்குச்சு, சரின்னு விட்டுட்டேன். வலி எங்க இருக்குன்னு பார்க்காம தைலம் தேய்ச்ச கதை.

அந்த வார இறுதியில நல்லா உறைஞ்ச ஏரி மேல எடுத்துக்கிட்டுப் போய் முழு த்ராட்டில் கொடுத்தேன். ஒரு நிமிஷம் இருக்கும், எஞ்சின் சத்தம் திடீர்னு ரொம்ப அழகா, ரொம்ப சுத்தமா, கூர்மையா மாறுச்சு. எனக்கு சந்தோஷம், அப்பாடா செட் ஆயிடுச்சுன்னு. டூ ஸ்ட்ரோக்ல அந்த அழகான சத்தம்தான் எமன்னு அப்போ எனக்குத் தெரியாது. ரெண்டு செகண்ட்ல வண்டி பின்னாடி யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி நின்னுச்சு. கயிறை இழுத்தா அசையல. பிஸ்டன் ஜாம். சுத்தி ஒரே வெள்ளை, காத்து சத்தத்தைத் தவிர ஒண்ணும் இல்ல, நான் மட்டும் ஒரு இரும்புக் குதிரை மேல உக்காந்திருக்கேன். ஃப்ரெண்ட் வந்து கட்டி இழுத்துட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து மேல இருந்த ஃபேன் கவரைக் கழட்டினா, உள்ள எலிக்கூடு. சீட்டு ஃபோமைக் கொறிச்சு, காஞ்ச புல்லைச் சேர்த்து, சிலிண்டரைக் குளிர வைக்கிற ஃபின் நடுவுல பஞ்சு மெத்தை மாதிரி அடைச்சு வச்சிருக்கு. ஃபின்ல பாதிக்கு மேல காத்தே போகல. வெளிய இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது, ஏன்னா முழு எஞ்சினையும் தகரக் கவர் மூடியிருக்கு. உங்க வண்டி எத்தனை அழகா ஸ்டார்ட் ஆனாலும் சரி, நின்னுபோன ஃபேன் கூல்டு வண்டி ஒண்ணு கைக்கு வந்தா முதல் வேலை அந்தக் கவரைக் கழட்டுறதுதான், நான் கடைசியா பண்ணேன்.

பிஸ்டன்ல எக்ஸாஸ்ட் பக்கம் நீளமா கீறல், அலுமினியம் உருகி சிலிண்டர் சுவர்ல தடவினாப்புல ஒட்டியிருந்தது. நல்லவேளை உள்ள இரும்பு ஸ்லீவ், சுத்தம் பண்ணி ஹோன் பண்ணா, அதாவது உள்சுவரை லேசா உரசி விட்டா போதும்னு ஆச்சு, பிஸ்டனும் ரிங்கும் புதுசு. குற்றவாளி எலிதான்னு முடிவு பண்ணி, மாட்டி, ஸ்டார்ட் பண்ணேன். சூடாச்சு. த்ராட்டிலை விட்டேன்.

வீங்.

இந்த நேரத்துலதான் இழுத்துட்டு வந்த ஃப்ரெண்டு ஒரு வார்த்தை கேட்டான். அவன் ஸ்கூட்டர் காலத்துல டூ ஸ்ட்ரோக் எஞ்சின்ல கை வச்சவன். "மச்சி, கார்புரேட்டரை விட்டுத் தொலைடா. கிராங்க் சீல் பார்த்தியா?"

பார்க்கல. ஏன் பார்க்கணும், கீழ ஒரு சொட்டு ஆயில் இல்லையே. இங்கதான் கார் மூளை நம்மளைக் கவுக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்ல சீல் போனா ஆயில் ஒழுகும், தரையில தெரியும். டூ ஸ்ட்ரோக்ல கிராங்க்கேஸ்தான் மூச்சுக்குழாய். பிஸ்டன் மேல போகும்போது உள்ள வெற்றிடம், காத்தும் பெட்ரோலும் கார்புரேட்டர் வழியா வரும். கீழ வரும்போது அதை அமுக்கி சிலிண்டருக்குள்ள தள்ளும். கிராங்க் ரெண்டு முனையிலயும் இருக்கிற ரப்பர் சீல் விறைச்சுப் போனா, வெற்றிடம் வர்ற ஒவ்வொரு தடவையும் அந்த வழியா சும்மா காத்து உள்ள வரும். பெட்ரோல் இல்லாத, ஆயில் இல்லாத காத்து. கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் கம்மி காத்து ஜாஸ்தி, ஐடில் மேல ஏறி தொங்கும், முழு த்ராட்டில்ல பிஸ்டன் வெந்து போகும். நான் ரெண்டு மாசமா ஸ்க்ரூவைத் திருகி அந்தத் திருட்டுக் காத்துக்கு சரிக்கட்டிட்டு இருந்திருக்கேன்.

டெஸ்ட் ரொம்ப சுலபம், அதான் எரிச்சலே. கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழட்டி ரெண்டு வாயையும் ரப்பர் ஷீட்டும் தகடும் வச்சு போல்ட் போட்டு அடைச்சிடுங்க. ப்ளக் இருக்கட்டும். பம்புக்குப் போற துடிப்பு டியூப் மாட்டுற இடத்துல கேஜ் வச்ச கைப்பம்பு மாட்டி 6 பிஎஸ்ஐ ஏத்துங்க, அதுக்கு மேல வேணாம், சீலே பிச்சுக்கும். நிமிஷத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல இறங்கினா எங்கயோ ஓட்டைன்னு பொதுவா ஒரு கணக்கு. எனக்கு முள்ளு ஏறின வேகத்துலயே இறங்குச்சு. சோப்புத் தண்ணியை எடுத்து மேக்னெட்டோ பக்கம், சிலிண்டர் அடி கேஸ்கட்டு, இன்டேக் ஜாயிண்ட்டுன்னு ஒவ்வொண்ணா அடிச்சுட்டு வந்தோம், ஒண்ணும் இல்ல. என் பொண்ணு டார்ச் பிடிச்சிட்டு நின்னா. அவதான் சொன்னா, "அப்பா, இங்க நுரை வருதுப்பா." கிளட்ச்சுக்குப் பின்னாடி, கிராங்க் வெளிய வர்ற இடத்துல, சின்னச் சின்னக் குமிழா, ஒண்ணு உடையறதுக்குள்ள அடுத்தது, பொறுமையா வந்துட்டே இருக்கு. ரெண்டு மாசத் தேடல் அந்த நுரையில இருந்தது.

அந்த சீலை எடுக்கணும்னா முன் கிளட்ச் வெளிய வரணும். இது சாய்வான ஷாஃப்ட்ல இறுகிப்போய் உக்காந்திருக்கும், அடிச்சுக் கழட்டப் பார்க்காதீங்க, கிராங்க் வளைஞ்சிடும். அந்தந்தக் கிளட்ச்சுக்குன்னு இருக்கிற புல்லர் போல்ட் வாங்கணும். முறுக்கினேன், வரல. இன்னும் முறுக்கினேன், போல்ட்டே முறியும்போல இருந்தது. அப்புறம் பழைய வித்தை ஒண்ணு, கிளட்ச் ஓட்டைக்குள்ள கெட்டியா கிரீஸை அடைச்சு, புல்லர் மரைல டெஃப்லான் டேப் சுத்தி உள்ள விட்டு முறுக்கினா கிரீஸ் தப்பிக்க வழியில்லாம ஷாஃப்ட்டையும் கிளட்ச்சையும் எதிரெதிரா தள்ளும். டமார்னு ஒரு சத்தம், கிளட்ச் கையில வந்து விழுந்தது, எனக்கு உயிரே போய் வந்துச்சு. கிரீஸை அப்புறம் பொட்டு மிச்சம் இல்லாம துடைக்கணும், அந்த சாய்வுல எண்ணெய்ப்பசை இருந்தா கிளட்ச் பிடிக்காது. என் எஞ்சின்ல சீலை வெளியிலிருந்தே மாத்த முடிஞ்சது, சில எஞ்சின்ல கேஸையே ரெண்டாப் பிரிக்கணும். ஒண்ணு போயிருந்தா இன்னொண்ணும் அதே வயசுதானே, ரெண்டு பக்கமும் மாத்திட்டேன். திரும்ப 6 பிஎஸ்ஐ ஏத்தினா முள்ளு அசையாம நின்னுச்சு, அதைப் பார்த்துட்டே நான் ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன்.

அதுக்கு அப்புறம் கார்புரேட்டர் ட்யூனிங் எவ்ளோ நேரம் ஆச்சுன்னு நினைக்கிறீங்க. இருவது நிமிஷம்.

முதல்ல எஞ்சினை நல்லா சூடாக்கி லோ ஸ்க்ரூ, டக்குனு த்ராட்டில் கொடுத்தா தயங்காம ஏறணும், விட்டா உடனே இறங்கணும். ஹை ஸ்க்ரூவுக்கு ஓட்டித்தான் பார்க்கணும், நிறுத்தி வச்சு முறுக்குறது ஏமாத்து வேலை. வேணும்னே ரிச்சா, அதாவது பெட்ரோல் கூடுதலா ஆரம்பிங்க, முழு த்ராட்டில்ல பொதபொதன்னு கம்மலா ஓடும், அங்க இருந்து ஒரு சுத்துல எட்டுல ஒரு பங்கா உள்ள திருகிட்டு வாங்க. கம்மல் தெளிஞ்ச உடனே நிறுத்துங்க. இன்னும் கொஞ்சம் அழகா வரும்னு ஆசைப்பட்டீங்கன்னா ஏரி நடுவுல நான் உக்காந்திருந்த மாதிரி உக்காரணும். அப்புறம் முழு த்ராட்டில்ல போயிட்டு இருக்கும்போதே கில் சுவிட்ச்சைத் தட்டி நிறுத்தி ப்ளக்கைக் கழட்டிப் பார்க்கணும், ஐடில்ல உருட்டிட்டு வந்து பார்த்தா ப்ளக் பொய் சொல்லும். காஞ்ச சணல் சாக்கு நிறம் இருந்தா நல்லது. கறுப்பா ஈரமா இருந்தா ரிச், பொறுத்துக்கலாம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தா அன்னைக்கு ஓட்டாதீங்க. என் பழைய ப்ளக் எல்லாம் வெளுப்புதான், டப்பாவுல போட்டு வச்சிருந்தேன், பார்க்கத் தெரிஞ்சிருந்தா முதல் வாரமே புரிஞ்சிருக்கும்.

ஒரு தடவை செட் பண்ணா சீசன் முழுக்க ஓடும்னும் இல்ல. குளிரக் குளிர காத்து அடர்த்தியாகும், 0 டிகிரியில இருக்கிற காத்தை விட மைனஸ் 30-ல ஏறக்குறைய 12 சதவீதம் அடர்த்தி அதிகம், பெட்ரோல் அதே அளவு போனா லீன்தானே. அதனால நல்ல குளிர் அன்னைக்கு ஹை ஸ்க்ரூ கொஞ்சம் வெளிய வரணும். மிக்குனி வச்சிருக்கிறவங்க மெயின் ஜெட்டையே, அதாவது பெட்ரோல் போற அந்தத் துளை வச்ச துண்டையே மாத்தணும். மலை மேல போனா தலைகீழ், காத்து மெலிசு, ஜெட் சின்னதாகணும். ஆயில் விஷயத்துலயும் ஒரு குழப்பம் இருக்கு, சேஃப்டிக்குன்னு ஆயிலைக் கூட ஊத்துறாங்க. ஒரு லிட்டர்ல ஆயில் கூடினா பெட்ரோல் குறையுது, ஜெட் வழியா போற அளவு அதேதான், அப்போ கலவை லீன் ஆகுது. 40-க்கு 1-ன்னா 20 லிட்டருக்கு 500 மில்லி, அதை முடிவு பண்ணிட்டு ட்யூன் பண்ணுங்க, அப்புறம் மாத்தாதீங்க. பழைய மேனுவல்ல 20-க்கு 1-ன்னு போட்டிருக்கும், அது அந்தக் காலத்து ஆயிலுக்குச் சொன்னது.

பெல்ட், டிராக் பத்தி சீக்கிரமா சொல்லிடறேன். கிளட்ச் தட்டு ரெண்டும் எண்ணெய்ப்பசை இல்லாம வறட்டுன்னு இருக்கணும், அங்க கிரீஸ் போட்டவங்களை நான் பார்த்திருக்கேன், பெல்ட் வழுக்கி கருகி நாத்தம்தான் வரும். பெல்ட் ஓரம் கண்ணாடி மாதிரி மினுங்கினா இல்ல அகலம் தேய்ஞ்சிருந்தா மாத்துங்க, ஸ்பேர் ஒண்ணு இல்லாம வீட்டை விட்டுக் கிளம்பாதீங்க. டிராக் எந்தப் பக்கம் ஒதுங்குதோ அந்தப் பக்கம்தான் லூஸ், அதை கால் சுத்து டைட் பண்ணி பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி ஓட விட்டுப் பாருங்க. அப்படி ஓடும்போது பின்னாடி ஒரு ஆளும் நிக்கக் கூடாது, டிராக்ல மாட்டின கல்லு தோட்டா மாதிரி பறக்கும். போகி வீல் பேரிங்குக்கு குளிர்லயும் இறுகாத கிரீஸ், செயின்கேஸ் ஆயில் வருஷம் ஒரு தடவை. என் செயின்கேஸ் இன்னும் லேசா ஒழுகுது, அது வேற பஞ்சாயத்து.

பார்ட்ஸ் எங்க கிடைக்கும்னு கேட்பீங்க. 1959-ல கனடாவுல வால்கோர்ட்ன்ற ஊர்ல பொம்பார்டியே ஸ்கீ-டூவை விட்டதுக்கு அப்புறம், எழுபதுகளோட ஆரம்பத்துக்குள்ள நூத்துக்கும் மேல பிராண்டு முளைச்சுது, கடைசியில மிஞ்சின பெரிய கம்பெனி ஸ்கீ-டூ, போலாரிஸ், ஆர்க்டிக் கேட், யமஹான்னு நாலுதான், அதுலயும் யமஹா இப்போ விலகிடுச்சு. அப்போ உங்க வண்டி கம்பெனி செத்து அம்பது வருஷம் ஆகியிருக்கலாம். ஆனா அதுல பாதிப் பேர் சொந்தமா எஞ்சின் பண்ணல, ரோடாக்ஸ், சாக்ஸ், கோலர், ஹிர்த்னு வாங்கித்தான் மாட்டினாங்க. அதனால பானெட்ல இருக்கிற பேரை வச்சுத் தேடாதீங்க, எஞ்சின்ல இருக்கிற தகட்டைத் துடைச்சு அந்த நம்பரை வச்சுத் தேடுங்க, சீல், பிஸ்டன், பாயிண்ட் எல்லாம் அதுலதான் கிடைக்கும். ஸ்கீ-டூவோட எலான் மாதிரி 1971-ல இருந்து 1996 வரைக்கும் வந்த மாடலா இருந்தா நீங்க குடுத்து வச்சவங்க.

பனி போனதும் போன வாரம் மூடி வச்சாச்சு. டேங்கைக் காலி பண்ணி, கார்புரேட்டர்ல இருக்கிறது தீர்ற வரைக்கும் ஓட விட்டு, அது சாகப் போற நேரத்துல உள்ள துருப்பிடிக்காம இருக்க ஃபாகிங் ஆயிலை அடிச்சு, வெள்ளைப் புகையா கக்கிட்டு நின்னுச்சு. பெல்ட்டைக் கழட்டி தொங்க விட்டாச்சு, டிராக் தரையில படாம முட்டு கொடுத்தாச்சு, ஃபேன் வாயிலயும் சைலன்சர் வாயிலயும் இரும்புப் பஞ்சை உருட்டி அடைச்சாச்சு, எலி கடிக்க முடியாதுல்ல. அடைச்சதை மறந்துட்டு அடுத்த சீசன்ல நான் கயிறை இழுப்பேன்னு பொண்ணுக்கு நல்லாத் தெரியும், கயிறு கைப்பிடியில ஒரு அட்டையைக் கட்டி ஸ்கெட்ச் பேனாவுல எழுதி வச்சிருக்கா: "அப்பா, முதல்ல பஞ்சை எடு. அப்புறம் கார்புரேட்டரைத் தொடாதே."